அணில் துப்பாக்கியும் ஒரு பன்றியும்

பாயிண்ட் டூ டூ துப்பாக்கியால் காட்டுப்பன்றியைக் கொல்ல முடியுமா என்று என் மகன் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான். அவனுடைய சிநேகிதர்கள் வேட்டைக்குப் போகிறவர்கள். அவர்களுக்குள் இது பெரிய வாக்குவாதமாம். கிட்டத்தில் நின்று காதுக்குப் பின்னால் சுட்டால் விழும் என்று ஒரு கட்சி, சின்னத் தோட்டாவை வைத்துக்கொண்டு பெரிய மிருகத்தின் பக்கமே போகக்கூடாது என்று ஒரு கட்சி. “மாமா ஜப்பான்காரன் காலத்துல சுட்டாருல்ல, நீங்களும் கூட இருந்தீங்கல்ல, சொல்லுங்கப்பா” என்றான். “விழும். எப்படி விழும்னு பன்னியைத்தான் கேக்கணும்” என்றேன். அவன் சிரித்தான். நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

இது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கல்யாண வீடுகளில் என் தங்கை இதைச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறாள். ஆனால் அவள் பன்றியோடு நிறுத்திவிடுவாள். பாத்திரம் திரும்பி வந்ததை அவள் ஒரு தடவைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் அங்கே நிறுத்தும்போதே நானும் பீடி பிடிக்க வெளியே போய்விடுவேன்.

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டு வரிசையில் இருந்தோம். நீளமான ஒரே கூரை, அதன் கீழே வரிசையாகக் குடித்தனங்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் தேங்காய் திருவினால் எத்தனை மூடி என்று சொல்லிவிடலாம். நான் டவுனில் ஒரு கித்தா வியாபாரியிடம், அதாவது ரப்பர் வியாபாரியிடம், கணக்குப்பிள்ளையாக இருந்தவன். ஜப்பான்காரன் வந்து கடை மூடியதும் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவள் புருஷன், என் மாப்பிள்ளை, தோட்டத்தில் லாரி ஓட்டியவன். லாரியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். ஆக, வீட்டில் இரண்டு ஆம்பிளைகள், இரண்டு பேருக்கும் வேலை இல்லை. பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகும் வழியில், கித்தாத் தோப்பை ஒட்டிக் கொஞ்சம் இடத்தில் மரவள்ளி போட்டிருந்தோம். காலையும் மரவள்ளி, மாலையும் மரவள்ளி.

தங்கைக்குப் பிள்ளை பிறந்து சில வாரம் ஆகியிருந்தது. கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். பால் போதவில்லை. பிள்ளை அழும் சத்தம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. அழுகை ஓய்ந்தால் நிம்மதியாக இருக்க வேண்டும். எங்களுக்கு ஓயும்போதுதான் பயமாக இருந்தது. “கறி, முட்டை, மீன், ஏதாவது குடுங்க” என்றாள் பேறு பார்த்தவள். அதை எங்கே வாங்குவது என்று அவள் சொல்லவில்லை.

மாப்பிள்ளையிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரன் டுரியான் தோப்பில் அணிலும் பழந்தின்னி வௌவாலும் சுடுவதற்காக அவனிடம் கொடுத்து வைத்தது. துரை ஓடிப் போகும்போது அதைக் கேட்கவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்காதவன் தலை போகும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டபோது மாப்பிள்ளை கொடுக்கவில்லை. கட்டையைக் கழற்றி விறகுக்கு அடியில் போட்டான். குழலை ஒரு பெரிய மூங்கிலில் கணுவைக் குடைந்து உள்ளே செருகி, இரண்டு பக்கமும் அடைத்து, பின்பக்கம் துணி காயப்போடும் கொடியாகக் கட்டிவிட்டான். அந்தக் கொடியில் தங்கை பிள்ளைத்துணி காயப்போட்டாள். என் தலையும் சேர்ந்து அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு வேட்டையைப் பற்றி வாய் கொஞ்சம் நீளம். துரைமார்களுக்கு லாரி ஓட்டிப் போய்ப் பெரிய துப்பாக்கிகள் வெடிப்பதைப் பார்த்தவன். “பெரிய குண்டு உள்ள போச்சுன்னா அடுத்த பக்கம் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துரும் மச்சான். மிருகத்துக்குச் செத்தோம்னே தெரியாது. இது அணில் துப்பாக்கி. இதை எடுத்துக்கிட்டுப் பன்னி மேல போறவன் மனுசனே இல்ல” என்பான். இந்தப் பிரசங்கத்தை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அதனால்தான், எங்கள் மரவள்ளியைப் பன்றி கிளறிப் போட்டிருந்த அன்று, “வாய்ப்பந்தல் போட்டது போதும், மாப்ளே. உன் பொண்டாட்டி காலைப் போய்ப் பாரு” என்று சொன்னேன். என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது. இருந்தாலும் சொன்னேன்.

பெரிய துப்பாக்கி இருந்திருந்தாலும் அங்கே வெடித்திருக்க முடியாது. பத்து பெரெண்டாமில் விமானத் திடல் இருந்தது, ஜப்பான் சோல்ஜர் இருந்தான். அணில் துப்பாக்கியின் சத்தம் காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரிதான் இருக்கும். அதை நம்பித்தான் விடியும் முன்னே சைக்கிளில் போனோம். மரவள்ளிக் குச்சிக்கட்டுக்குள்ளே குழலும் கட்டையும் தனித்தனியாக இருந்தன.

வெளிச்சம் வரும்போது பன்றி வந்தது. தனி ஆண்பன்றி. மாப்பிள்ளை வெகு கிட்டத்தில், மண்வரப்புக்குப் பின்னால் படுத்திருந்தான். காதுக்குப் பின்னால் குறி வைத்தான். சுடுகிற நேரத்தில் அது தலையைத் திருப்பியது. குண்டு தோளில் போய் விழுந்தது. பன்றி ஓடவில்லை. முதலில் எங்களைப் பார்த்து நின்றது. தன்னை என்ன கடித்தது என்று அதற்குப் புரியவில்லை என நினைக்கிறேன். பிறகு ஓடியது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் தங்கை சிரிப்பாகச் சொல்லுவாள். இரண்டு பேரும் லாலான் புல்லுக்குள் விழுந்து எழுந்து ஓடியது, என் கைலி முள்ளில் மாட்டிக்கொண்டு நான் பாதி அம்மணமாக நின்றது, ஈரமேறிய தோட்டா வெடிக்காமல் மாப்பிள்ளை துப்பாக்கியையே திட்டியது, எல்லாம் உண்மைதான். ஆனால் நடுவில் அந்த மிருகம் இருந்தது. ஓடும், உட்காரும். நாங்கள் கிட்டே போனால் எழுந்து மறுபடி ஓடும். மாப்பிள்ளை சுடுவான், அது உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். கழுத்து, விலா, தோள் என்று குண்டுகள் போய் உள்ளேயே தங்கின. ஒன்றுகூட வெளியே வரவில்லை, ஒன்றுகூடக் கொல்லவில்லை. கடைசியில் ஒரு கித்தா மரத்தில் முதுகைச் சாய்த்துப் பின்னங்கால்களில் உட்கார்ந்துகொண்டு வாயால் மூச்சு விட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் போய்க் காதுக்குள் குழலை வைத்துச் சுட்டான். அப்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவன் துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சநேரம் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றான்.

அங்கேயே துண்டு போட்டு, சாக்கில் கட்டி, மேலே மரவள்ளி இலையைப் பரப்பிக் கொண்டுவந்தோம். வழியில் காவல் நின்ற சோல்ஜருக்குச் சைக்கிளை விட்டு இறங்கிக் குனிந்து வணக்கம் வைத்தோம். அவன் கொட்டாவி விட்டான்.

வீட்டு வரிசையில் கறி சமைத்து ஒளித்துத் தின்ன முடியாது. வாசனை போகும், வாசனை போன இடத்துக்குப் பேச்சும் போகும். அதனால் எல்லா வீட்டுக்கும் பங்கு போடுவது என்றும், பன்றி கண்ணியில் மாட்டியது என்று சொல்வது என்றும் முடிவு செய்தோம். கறி கூறு போடும் வழக்கம் நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். நல்ல கறி, எலும்பு, கொழுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வாழை இலையில் சமமாகக் கூறு வைக்க வேண்டும். ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். இன்னொருவன் ஒரு கூறின் மேல் கத்தியை வைத்து “இது யாருக்கு?” என்பான். முதுகு காட்டியவன் ஏதாவது ஒரு வீட்டைச் சொல்வான். யாருக்கும் ஓரவஞ்சனை இருக்காது. எந்தத் துண்டு எங்கே போனது என்று பிறகு கடவுளுக்கும் தெரியாது.

ஈயக் குண்டுகளைத் தடவித் தடவி எடுத்தது நான். கூறு போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை அவற்றை எண்ணினான்.

“ஒண்ணு குறையுது மச்சான்.”

“ஒண்ணு குறி தப்பிப் போயிருக்கும்.”

“நான் தப்ப விடல.”

“ஆமா, பெரிய சூரன். முதல் குண்டே காதுக்குப் பதிலா தோளுக்குப் போச்சு. இதுல தப்பவே இல்லையாம்.”

அவன் முகம் சிறுத்துவிட்டது. நானும் திரும்பத் தடவிப் பார்க்கவில்லை. உள்ளே தங்கை ஈரலை வதக்க ஆரம்பித்திருந்தாள், எனக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து வீடுகளைச் சொன்னேன். கறி போய்விட்டது.

ஈரல் வயிற்றில் விழுந்த பிறகுதான் புத்தி வந்தது. கண்ணியில் மாட்டிய பன்றிக்குள் ஈயக் குண்டு எப்படி வரும்? யாராவது ஒருவர் கடித்துத் துப்பி, “இதென்னது?” என்று கையில் வைத்துப் பார்த்தால் மாப்பிள்ளையின் கதை முடிந்தது. நாங்கள் வீடு வீடாகப் போனோம். மற்ற வீட்டுக்காரர்களிடம் ஒளிவு மறைவு தேவைப்படவில்லை. காதோடு சொன்னோம், அவர்கள் சட்டிக்குள் கையை விட்டுத் தேடினார்கள். எதிலும் இல்லை. மிச்சம் இருந்தது எங்களுக்கு அடுத்த வீடு.

அங்கே இருந்தவள் ஒரு மலாக்கா செட்டிப் பெண். நாங்கள் பிபிக் என்று கூப்பிடுவோம், அவர்களுக்குள் அத்தை முறை உள்ளவளை அப்படித்தான் அழைப்பார்கள். புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகள். நெற்றியில் திருநீறு, வீட்டில் சாமி விளக்கு, பேச்சு மட்டும் மலாய். தமிழில் சாமி சம்பந்தப்பட்ட சொற்கள்தான் அவளுக்குத் தெரியும். என் தங்கைக்குப் பேறு வலி கண்டபோது முதலில் ஓடிவந்தவள் அவள். ஆனால் அவள் தம்பி ஜப்பான்காரனுடைய ஆபீசில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தான். கையில் ஆபீஸ் துணிப்பட்டை கட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வருவான். அவன் யாரையும் காட்டிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அவன் வந்தால் வரிசை முழுவதும் பேச்சு நின்றுவிடும். அந்த வீட்டை விட்டுவிட்டுப் பங்கு போட்டால் அதுவே காட்டிக் கொடுக்கும் என்றுதான் எங்கள் பித்தளைக் கிண்ணத்தில் கறி வைத்து அனுப்பியிருந்தோம்.

“அந்தப் பொம்பளைகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லக்கூடாது. தம்பிகிட்டப் போயிரும்” என்றேன் நான். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பொய்யை நான்தான் தயார் செய்தேன். பன்றிக்கு நோய் இருந்திருக்கிறது, தின்றவர்கள் வாந்தி எடுக்கிறார்கள், கறியைத் திருப்பிக் கொடு, கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறோம்.

நான் போனபோது தம்பிக்காரன் முன் அறையில் உட்கார்ந்து பூட்ஸ் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே பிள்ளைகள் இரண்டும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கறி கொதித்து இறக்கியாகிவிட்டது. மல்லியும் இஞ்சியும் மணத்தது, அந்தக் காலத்தில் அவள் எங்கிருந்துதான் தேடிப் பிடித்தாளோ. நான் வாசலில் நின்று மலாயில் என் பொய்யைச் சொன்னேன். தம்பி தலை தூக்கி, “என்ன நோய்?” என்று கேட்டான். “தெரியல, வாந்தி” என்றேன். “தூரமாகக் கொண்டுபோய்ப் புதை. ஈ மொய்க்கும்” என்று சொல்லிவிட்டு மறுபடி சப்பாத்தைத் துடைத்தான்.

பிபிக் என்னையே பார்த்தாள். பிறகு தம்பியின் முதுகைப் பார்த்தாள். பிறகு சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

“ஆம்பிக் லா” என்றாள். எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

சின்னப் பெண் எழுந்து என் கைலியைப் பிடித்தது. “அம்மா, அது நம்முடையது” என்றது. அதட்டிக் கையை விடுவித்தது பிபிக்தான். நான் சட்டியோடு நடந்தேன். சூடு துணியைத் தாண்டி விரலைச் சுட்டது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் தட்டில் கொட்டி, மாப்பிள்ளையும் நானும் ஒவ்வொரு துண்டாகப் பிய்த்துப் பார்த்தோம். குண்டு இல்லை. குழம்பைத் துணியில் வடிகட்டியும் பார்த்தோம். இல்லை. அப்படியானால் ஒன்று நிஜமாகவே குறி தப்பியிருக்கிறது என்று எனக்கு நிம்மதி. “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்றுகூடச் சொன்னேன்.

பிறகு அந்தக் கறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திருப்பிக் கொடுக்க முடியாது, நோய்ப் பன்றி என்று சொல்லியாகிவிட்டது. நோய் இல்லை என்று போய்ச் சொன்னால் ஏன் வாங்கினாய் என்ற கேள்வி வரும். குழி தோண்டிப் புதைக்க மனம் வரவில்லை. தங்கை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கறியையே பார்த்தாள். “பால் ஊறும், நீ தின்னு” என்றேன். அவள் தின்றாள். மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு தின்றான். நானும் தின்றேன். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வாசனை போகாது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டு தின்றோம். எலும்பைக்கூட விடவில்லை. அம்மிக்குழவியால் உடைத்து உறிஞ்சினேன். இவ்வளவு ருசியான கறியை நான் பிறகு சாப்பிட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது எங்களிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. மறுநாள் தங்கை அதில் நாலு மரவள்ளிக் கிழங்கைப் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். கறிச் சட்டி போன இடத்திலிருந்து கிழங்குச் சட்டி வந்தது. பிள்ளைகள் அதை எப்படிப் பார்த்தன என்று தெரியாது, நான் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அந்த வாரமே மாப்பிள்ளை துப்பாக்கியைத் தெங்கேராப் பக்கம் கொண்டுபோய்க் கடல் சேற்றில் அமுக்கிவிட்டு வந்தான். நான் ஏன் என்று கேட்கவில்லை. தங்கையின் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. பிள்ளையின் அழுகைக்குக் குரல் திரும்பியது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் பிபிக் வந்தாள். தம்பி ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தான். அவள் கையில் எங்கள் பித்தளைக் கிண்ணம், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அதில் உப்பு நிறைத்திருந்தாள். உப்புக்கு மக்கள் அலைந்த காலம் அது. கிண்ணத்தை என்னிடம் நீட்டி, “உப்பைக் கொட்டும்போது பார்த்துக் கொட்டு” என்று மலாயில் சொன்னாள்.

நான் விரலை உள்ளே விட்டேன். அடியில் சின்னதாக, ஒரு பக்கம் நசுங்கி, அந்த ஈயக் குண்டு இருந்தது.

“கறி கழுவும்போதே கிடைத்தது. நீ வருவதற்கு முன்னாலேயே மடியில் முடிந்து வைத்துவிட்டேன். நீ வாசலில் நின்று பேசும்போது எதைத் தேடி வந்திருக்கிறாய் என்று தெரிந்தது. தம்பி இருந்தான். நான் என்ன சொல்ல முடியும்?” என்றாள். என் மேல் கோபப்படவில்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான்.

ஒரு வார்த்தை வாயைத் திறந்திருந்தால் அவள் பிள்ளைகள் தின்றிருக்கும், எங்கள் மாப்பிள்ளை போயிருப்பான். அவள் வாயை மூடிக்கொண்டு சட்டியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். நான் அவளை நம்பாமல் பொய் சொல்லப் போயிருக்கிறேன்.

திரும்பிப் போகும்போது வாசலில் நின்று கேட்டாள், “அந்தக் கறியைப் புதைத்துவிட்டீர்களா?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. காலில் விழுந்திருக்கலாம். குண்டு என் கையில் இருந்தது, அவள் முகம் எதிரே இருந்தது.

“புதைச்சிட்டோம், பிபிக்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். “நல்லது” என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டில் அவள் அடுப்பை ஊதும் சத்தம் கேட்டது. பிறகு கிழங்கு நறுக்கும் சத்தம். பிறகு சின்னப் பெண் ஏதோ கேட்டதும், அவள் பதில் சொன்னதும், ஒவ்வொரு சொல்லும் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. நான் அம்மிக்குழவியால் எலும்பை உடைத்த அன்றும் அந்தச் சுவர் அங்கேதான் இருந்தது.